தைப்பனியும் தை வெயிலும்: மொரிஷியஸில் பருவகாலப் பாடம்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்." மொரிஷியஸில் தமிழ் வகுப்பில் இந்தப் பழமொழியைப் படித்த பிள்ளை, அதே தை மாதம் பூசத்தன்று காவடிக்குப் பின்னால் வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கிறது. கால் பொசுங்குகிறது. பனி எங்கே போயிற்று? இந்தக் கேள்வியை வகுப்பறையில் யாரும் எடுப்பதில்லை. தமிழ் மிஸ் பழமொழிக்குப் பொருள் சொல்லி முடித்துவிடுகிறார். அறிவியல் மிஸ் பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, தீவின் பேச்சுமொழியான கிரியோலில் விளக்கி முடித்துவிடுகிறார். இரண்டும் ஒரே பிள்ளையின் தலைக்குள்தான் கிடக்கின்றன. ஆனால் ஒன்றும் ஒன்றும் சந்தித்ததே இல்லை.

ஆசிரியர் ஊற்ற, பிள்ளை ஏந்திக்கொள்வதல்ல அறிவு. உள்ளே ஏற்கெனவே இருப்பதை வைத்துப் பிள்ளையே கட்டிக்கொள்வது. கட்டமைப்புவாதம் என்று ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் வருவதன் சாரம் இவ்வளவுதான். 1968இல் கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: கற்றலைத் தீர்மானிக்கும் பெரிய காரணி, கற்பவருக்கு முன்பே என்ன தெரியும் என்பது, அதைக் கண்டுபிடி, அதற்கேற்பக் கற்பி. ஒப்புக்கொள்ளாத ஆசிரியர் யாரும் இல்லை. அதைச் செய்வதுதான் கடினம். ஏனென்றால் "முன்பே தெரிந்தது" ஊருக்கு ஊர் வேறு. வேறோர் ஊர்ப் பிள்ளையின் மனத்தை நினைத்து எழுதிய பாடத்திட்டத்தை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பருவகாலப் பாடத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கோடைக்காலம் ஏன் வருகிறது என்று கேட்டால், உலகம் முழுக்கப் பிள்ளைகளும் பெரியவர்களும் சொல்லும் பதில் ஒன்றே: அப்போது பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறது. படித்தவர்களும் விலக்கல்ல. 1987இல் எடுத்த ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர், பட்டதாரி, பேராசிரியர் என்று 23 பேரிடம் பருவகாலம் பற்றியோ நிலவின் பிறைகள் பற்றியோ கேட்டார்கள். 21 பேர் தவறாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு மறுப்பு வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் கேட்பார்: "பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது உங்கள் ஊரில் என்ன பருவம்?" குளிர்காலம். பிள்ளையின் எண்ணத்தில் விரிசல் விழும். பாடம் அங்கிருந்து நகரும்.

அதே கேள்வியைப் பூமியின் தென்பாதியில் இருக்கும் நம் தலைநகர் போர்ட் லூயியில் கேட்டுப் பாருங்கள். ஜனவரி தொடக்கத்தில் சூரியன் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டரில். ஜூலை தொடக்கத்தில் 15 கோடியே 21 லட்சத்தில். ஜனவரி நமக்குக் கொளுத்தும் வெயில், ஜூலை குளிர். பிள்ளையின் தவறான எண்ணம் இந்தச் சோதனையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுகிறது. மறுக்கப் போன ஆசிரியர், தெரியாமல் சான்றிதழ் கொடுத்துவிட்டு வருகிறார். இறக்குமதிப் பாடத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்க முடியாது. வெறுமனே பலிக்காமல் போவதோடு நிற்காமல், எதிர்த்திசையில் பலிக்கிறது.

1982இல் போஸ்னர், ஸ்டிரைக், ஹியூசன், கெர்ட்சாக் நால்வரும் ஒரு கருத்து மாறுவதற்குச் சொன்ன நிபந்தனைகள் இங்கேதான் உறைக்கும். பழைய கருத்தின்மேல் அதிருப்தி வர வேண்டும். புதியது புரிய வேண்டும். நம்பும்படி இருக்க வேண்டும். இன்னும் பலவற்றை விளக்க உதவ வேண்டும். முதல் படியே இங்கே இல்லாமல் போகிறது. ஆகவே நம் தீவுக்கு ஒரு முரண்பாட்டை நாமேதான் தேட வேண்டும். தேடி அலைய வேண்டாம், தமிழ்ப் பிள்ளைகளின் கையிலேயே அது இருக்கிறது. பூமி ஒன்று, சூரியன் ஒன்று, தை மாதமும் ஒன்று, தூரமும் ஒன்று. தமிழ்நாட்டில் பனி, இங்கே வெயில். தூரம்தான் காரணம் என்றால் இரண்டு ஊரும் ஒன்றாகச் சுட வேண்டுமே?

முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது

பாடத்துக்கு இரண்டு நாள் முன்பே கால் பக்கத் தாள் ஒன்றைக் கொடுங்கள். ஒரே கேள்வி: "மொரிஷியஸில் ஜனவரியில் வெயில், ஜூலையில் குளிர். ஏன்? படம் வரைந்து காட்டு." பெயர் எழுத வேண்டியதில்லை. கிரியோல், தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், எது வருகிறதோ அதில் எழுதலாம். இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், பிள்ளையின் எண்ணம் வராது. பாடநூலில் பார்த்த மூன்று சொல் வரும், அவ்வளவுதான். நேரம் பத்து நிமிடம் போதும்.

தாள்களை மேசைமேல் பரப்பிக் குவியல் குவியலாகப் பிரியுங்கள். சொற்களைவிடப் படத்தை நம்புங்கள். "கிட்டே வருகிறோம்" ஒரு குவியல். "மழை, மேகம், காற்று" இன்னொன்று. இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசுவதால் குளிருக்கு அதையே காரணமாக்கும் பிள்ளைகள் உண்டு. (ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி மட்டும் இந்தத் தீவுக்கு அப்படியே பொருந்துகிறது.) மூன்றாவது குவியலைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்: "பூமி சாய்ந்திருக்கிறது, அதனால் நாம் சூரியனுக்குக் கிட்டே வருகிறோம்." சாய்வு என்ற சரியான சொல் இருக்கிறது. ஆசிரியர் சிவப்பு மையால் சரி போட்டுவிடுவார். ஆனால் உள்ளே இருப்பது பழைய தூரக் கருத்துதான். சாய்வு அதன்மேல் போட்ட சட்டை. பூமியின் வடிவம் பற்றி வோஸ்னியாடுவும் புருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் கண்டதும் இதே வகைதான். பூமி உருண்டை என்று சொல்லும் பிள்ளை, உருண்டைக்குள்ளே ஒரு தட்டைத் தரையை வைத்து அதன்மேல் மனிதர்களை நிற்கவைத்துக்கொள்கிறது. கேட்டதையும் கண்டதையும் ஒட்டுப்போட்டுச் செய்த மாதிரி அது. முட்டாள்தனம் என்று தள்ளக் கூடாது. இருக்கும் பொருளை வைத்துப் பிள்ளை நேர்மையாகக் கட்டிய வீடு.

இந்த மூன்றாவது குவியலுக்கு ஒரு கணக்கு உதவும். பூமியின் விட்டம் சுமார் 12,700 கிலோமீட்டர். எப்படிச் சாய்ந்தாலும் அதைவிட அதிகமாகக் கிட்டே வர முடியாது. 15 கோடியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு நாளும் பூமி சுழல்வதால் மட்டுமே விடியலில் இருப்பதைவிட உச்சிப் பொழுதில் நாம் 6,400 கிலோமீட்டர் வரை சூரியனுக்கு அருகில் வருகிறோம் என்று சொன்னால் பெரிய பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

ஓர் எச்சரிக்கை. க்யூர்பிப் மேட்டில் இருக்கிறது, கடலிலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம், அப்படியென்றால் சூரியனுக்குக் கிட்டே. ஆனால் போர்ட் லூயியைவிடக் குளிர் அதிகம், பார்த்தீர்களா என்று மடக்கத் தோன்றும். வேண்டாம். உயரத்தில் காற்று ஏன் குளிர்கிறது என்பது முற்றிலும் வேறு பாடம். 15 கோடி கிலோமீட்டருக்கு முன் 550 மீட்டர் ஒரு பொருட்டா என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால் முரண்பாடு உடைந்துவிடும். மற்ற பிள்ளைகள் பருவத்தையும் உயரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

தை மாத முரண்பாட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. கைப்பேசியில் சென்னையின் ஜனவரி வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னால் பகல் உச்சம் 29, 30 டிகிரி என்று காட்டும். "அங்கேயும் வெயில்தானே மிஸ்" என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான். சென்னையை மொரிஷியஸோடு ஒப்பிடக் கூடாது; ஒவ்வோர் ஊரையும் அந்த ஊரின் மற்ற மாதங்களோடு ஒப்பிட வேண்டும். சென்னையில் மே மாதப் பகல் உச்சம் 37, 38 டிகிரி. அக்னி நட்சத்திரம் அங்கே மே மாதத்தில். இங்கே மே மாதம் போர்வை தேடத் தொடங்கும் காலம். ஆகவே இரண்டு ஊருக்கும் பன்னிரண்டு மாத வெப்பநிலையை ஒரே வரைபடத்தாளில் இரண்டு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். ஒரு கோடு ஏறும்போது மற்றது இறங்கும். டெல்லியையும் சேர்த்தால் இன்னும் தெளிவு. இந்த வரைபடத்தின் முன் "தூரம்" என்ற பதிலை வைத்துவிட்டு, ஆசிரியர் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் அளந்து காட்டினார். மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளும், பேசாத பிள்ளைகளும் பேசும். கைக்கடிகாரத்தைப் பார்த்தே பழக வேண்டும். மூன்று விநாடி என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

குச்சியும் நிழலும்

இந்தப் பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, இதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். சரியாக 1 மீட்டர் நீளமுள்ள நேரான குச்சி. துடைப்பக் கட்டையை அறுத்துக்கொள்ளலாம். பழைய பெயின்ட் டப்பாவில் ஈர மணலை அடைத்து அதில் நட்டு, தரையிலிருந்து நுனிவரை 1 மீட்டர் இருக்கும்படி அளந்துகொள்ளுங்கள். நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி இரண்டு பக்கமும் நேர் பாருங்கள். குச்சி சற்றுச் சாய்ந்தாலும் ஆண்டின் அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். தளம் சமமான சிமென்ட் தரையாக இருக்கட்டும்.

பன்னிரண்டு மணி என்றால் உச்சி என்று நினைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை அளப்பதுதான் வழக்கமான தவறு. நம் கடிகாரம் 60 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. தீவு இருப்பது ஏறத்தாழ 57.5 டிகிரியில். அதனால் இங்கே உச்சி சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தும். அதன்மேல் மாதத்துக்கு மாதம் மாறுதல் வேறு: ஜனவரி 20 வாக்கில் சுமார் 12:21, ஜூன் 21 வாக்கில் 12:12, நவம்பர் 22 வாக்கில் 11:56. ஆகவே 11:40 முதல் 12:40 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியைச் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் குட்டையான நிழல்தான் உச்சி நிழல். அந்தக் கோடே வடக்கு தெற்குக் கோடு. திசைகாட்டியை வைத்து வடக்கு பார்க்க வேண்டாம்; மொரிஷியஸில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து 15 டிகிரிக்கு மேல் மேற்கே விலகி நிற்கும். திசைகாட்டியை நம்பிய குழுவும் நிழலை நம்பிய குழுவும் சண்டை போட்டுக்கொள்வார்கள். நேரம் இருந்தால் சண்டையை நடக்கவிடலாம்.

நிழல் நுனி மங்கலாகத்தான் விழும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமான வட்டு. ஜூன் மாத நிழலில் மங்கல் விளிம்பு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரும். குச்சி நுனியில் ஓர் அட்டையை ஒட்டி அதில் 5 மில்லிமீட்டர் துளை போட்டால் தரையில் ஓர் ஒளிப்பொட்டு விழும். அதன் நடுவைக் குறித்தால் போதும்.

அளப்பதற்கு முன் ஊகிக்க வேண்டும், எழுத வேண்டும், காரணமும் எழுத வேண்டும். ஊகி, பார், விளக்கு என்று வைட்டும் கன்ஸ்டோனும் ஒழுங்குபடுத்திய முறை இது. எழுதாமல் மனத்தில் ஊகித்த பிள்ளை, பார்த்த பிறகு "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிடும். பொய் சொல்வதல்ல அது. மனம் அப்படித்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது.

கிடைக்க வேண்டிய அளவுகள் இவை. ஜூன் 21 வாக்கில் உச்சி நிழல் சுமார் 95 சென்டிமீட்டர், தெற்கே விழும். மார்ச், செப்டம்பர் 21 வாக்கில் 37 சென்டிமீட்டர், அதுவும் தெற்கே. டிசம்பர் 21இல் 5, 6 சென்டிமீட்டர்தான், அது வடக்கே விழும். நடுவே, நவம்பர் 22 வாக்கிலும் ஜனவரி 20 வாக்கிலும், நிழலே இருக்காது. சூரியன் சரியாகத் தலைக்கு மேல். பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால் இரண்டாவது நாளை விட்டுவிடக் கூடாது. சூறாவளிக் காலம், மேகம் மூடலாம், கவலை இல்லை. அந்த நாட்களில் நிழல் நாளுக்கு 4 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மாறும். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் 3 சென்டிமீட்டருக்குள்தான்.

அதே ஜனவரி 20இல் சென்னையில் 1 மீட்டர் குச்சிக்கு 65 சென்டிமீட்டர் நிழல், வடக்கே. அங்கே உறவினர் இருக்கும் வீடுகளில் யாராவது அளந்து படம் அனுப்பினால் அந்தப் படத்துக்கு ஈடான கற்பித்தல் கருவி வேறில்லை. தை மாதத்தில் இங்கே நிழல் இல்லை, அங்கே முழங்காலுக்கு மேல் நிழல். பனிக்கும் வெயிலுக்கும் இடையே பிள்ளை பார்க்கும் முதல் உண்மையான வேறுபாடு இதுதான். தூரம் காணாமல் போய்ச் சூரியனின் உயரம் உள்ளே வருகிறது.

பாடநூலில் "நண்பகலில் சூரியன் தெற்கே" என்று இருந்தால் அதை நம் முற்றத்தில் சோதிக்கச் சொல்லுங்கள். ஆண்டில் பத்து மாதம் நமக்கு உச்சிச் சூரியன் வடக்கே. கூரைகளில் சூரிய ஒளியில் தண்ணீர் சுடவைக்கும் தகடுகள் வடக்குப் பார்த்தே நிற்கின்றன. ஜூன் மாத நிழல், கடிகார முள் போகும் திசைக்கு எதிராக நகரும். முள் சுற்றும் திசை வடபாதியின் நிழல்கடிகாரத்தைப் பார்த்து வைத்தது என்று தெரிந்துகொள்வதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

உயரம் ஏன் சூட்டை மாற்றுகிறது

இதற்கு டார்ச்சும் கட்டம் போட்ட தாளும். எல்லா நூல்களிலும் இருக்கும் சோதனை, எல்லா வகுப்பிலும் கெட்டுப்போகும் சோதனையும் இதுவே. பிள்ளை டார்ச்சைச் சாய்க்கும்போது கூடவே பின்னுக்கு இழுத்துவிடும். வெளிச்சம் மங்கும். "தூரம் போனதால் மங்கியது" என்று பழைய கருத்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடும். ஆகவே டார்ச்சை அசைக்காதீர்கள், தாளைச் சாயுங்கள். 3 சென்டிமீட்டர் விட்டத்தில் 15 சென்டிமீட்டர் நீளக் கறுப்புத் தாள் குழாய் சுருட்டி டார்ச் முனையில் மாட்டினால் ஒளி விரியாமல் குறுகி வரும். குழாய் வாயிலிருந்து தாளின் நடுவரை 10 சென்டிமீட்டர், அளவுகோலை ஒட்டிவைத்தே நிலைநிறுத்துங்கள். ஒளி வட்டத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். தாளை 45 டிகிரி சாய்த்தால் கட்டங்கள் ஏறத்தாழ 1.4 மடங்கு ஆகும். அதே ஒளி, அதிக இடத்தில் பரவுகிறது. கோணத்தை மட்டும் பார்த்தால், ஜூன் மாத உச்சியில் நம் தரைக்குக் கிடைப்பது டிசம்பர் உச்சியில் கிடைப்பதில் நூற்றுக்கு 72, 73 பங்குதான் என்ற கணக்கை இங்கே சொல்லலாம். பகலின் நீளமும் சேர்கிறது: டிசம்பரில் 13 மணி 20 நிமிடம், ஜூனில் 10 மணி 55 நிமிடம்.

பிறகு உருண்டை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தெர்மாகோல் பந்து, நடுவே ஒரு மூங்கில் குச்சி, 23.5 டிகிரி சாய்வு. நடுக்கோட்டிலிருந்து 2.6 சென்டிமீட்டர் தெற்கே மொரிஷியஸுக்கு ஒரு குண்டூசி, 1.7 சென்டிமீட்டர் வடக்கே சென்னைக்கு ஒன்று. விளக்கைச் சுற்றிப் பந்தைக் கொண்டுபோகும்போது பிள்ளைகள் சாய்வையும் கூடவே திருப்புவார்கள். குச்சி எப்போதும் விளக்கையே பார்க்கும். அப்படிச் செய்தால் ஆண்டு முழுதும் ஒரே பருவம்தான் வரும். அதற்கு வெளியே அசையாத ஓர் அடையாளம் வேண்டும். காத்ர் போர்ன் பக்கம் இருக்கும் பள்ளி என்றால் சன்னல் வழியே தெரியும் கோர் தெ கார்த் மலை போதும். குச்சியின் வடமுனை எங்கே போனாலும் அந்த மலைப் பக்கமே காட்ட வேண்டும். ஊசிகளின் நிழல் நீளம் மாறுவதைப் பார்க்கும்போது முற்றத்தில் அளந்த நிழல் மேசைமேல் வந்துவிடும். உண்மையில் அச்சின் வடமுனை காட்டுவது துருவ நட்சத்திரத்தின் பக்கம். அது நம் தொடுவானுக்குக் கீழே, இந்தத் தீவிலிருந்து தெரியாது. துருவன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

பாடநூல் படத்தையும் இந்த இடத்தில் விசாரிக்க வேண்டும். சூரியனைச் சுற்றி நீள்வட்டமாக, முட்டைபோல் வரைந்திருப்பார்கள். பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் வரைந்ததால் அப்படித் தெரிகிறது. பிள்ளையோ அதையே உண்மையான பாதை என்று எடுத்துக்கொள்கிறது. தூரக் கருத்தை விதைப்பதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஒரு கோடியை ஒரு சென்டிமீட்டராக்கி வரையச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் 14.7 சென்டிமீட்டர், எதிர்ப்பக்கம் 15.2. வரைந்து முடித்தால் கண்ணுக்கு அது வட்டம்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஆசிரியர் சொல்லத்தான் வேண்டும். கட்டமைப்புவாதம் என்றால் ஆசிரியர் எதையும் சொல்லக் கூடாது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் வழிகாட்டாமல் விட்ட கற்பித்தலைக் கடுமையாக விமர்சித்தார்கள். புதிதாகக் கற்பவரின் நினைவாற்றல் தாங்காது, திசை தெரியாமல் அலைவார் என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான்கு நூற்றாண்டு வானியலைப் பிள்ளை 35 நிமிடத்தில் தானாகக் கண்டுபிடிக்காது. சொல்லும் நேரம்தான் முக்கியம். நிழலும் வரைபடமும் பந்தும் ஒன்றோடொன்று பொருந்தாமல் பிள்ளை தவிக்கும்போது நான்கே வாக்கியத்தில் சொன்னால், அது கேள்விக்குப் பதிலாகப் போய்ச் சேரும். முதல் நிமிடத்திலேயே சொன்னால் நோட்டில் மட்டும் போய்ச் சேரும்.

மற்ற பாடங்களிலும் இந்தக் கவனம் வேண்டும். மின்சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல்பு கரண்ட்டைத் தின்றுவிடுகிறது, திரும்பி வருவது குறைவு என்று பிள்ளைகள் நினைப்பதையும், இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் வந்து பல்பில் மோதுகிறது என்று நினைப்பதையும் நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் 1980களில் பதிவுசெய்தார். மறுப்பதற்குப் பல்புக்கு இருபுறமும் இரண்டு அம்மீட்டர் வைப்போம். மலிவு மீட்டர்கள் 0.21, 0.20 என்று காட்டிவிடும். "பார்த்தீர்களா, கொஞ்சம் தின்றுவிட்டது!" ஒரே மீட்டரை இடம் மாற்றி மாற்றி வைத்து அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆசிரியர்களுக்கு

ரெடுயியில் உள்ள மொரிஷியஸ் கல்வி நிறுவனத்தில் ஆகட்டும், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஆகட்டும், பயிற்சிக்கு வருகிறவர்கள் பழைய முறையில் படித்து வந்தவர்கள். இப்படி ஒரு பாடத்தைக் கற்பவராக அனுபவிக்காத ஒருவர், விரிவுரையில் அதைப் பற்றிக் கேட்டுவிட்டு வகுப்பில் செய்ய முடியாது. கட்டமைப்புவாதத்தை விரிவுரையாக நடத்துவது, நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பதுபோல.

ஆகவே முதல் அமர்வில் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே தாளைப் பயிற்சி ஆசிரியர்களுக்கும் கொடுங்கள். பெயர் வேண்டாம், மடித்துப் பெட்டியில் போடட்டும், கலைத்து எடுத்து அவர்களே குவியலாக்கட்டும். "சாய்ந்து கிட்டே வருகிறோம்" குவியல் அங்கேயும் உயரமாகவே இருக்கும். பெயர் இல்லாததால் வெட்கம் ஒருவர்மேல் விழாது. மொத்தமாக ஓர் அதிர்ச்சி மட்டும் இருக்கும், அந்த அதிர்ச்சி வேண்டும். பிறகு குச்சி, நிழல், டார்ச், பந்து எல்லாம் அவர்கள் கையால்.

இரண்டாவதாக, ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளிடம் தலா பத்து நிமிடம் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். கற்பிக்கக் கூடாது. "சரி", "வெரி குட்" சொல்லக் கூடாது, ஏனென்றால் அந்தச் சொல் விழுந்ததும் பிள்ளை மிஸ்ஸுக்குப் பிடித்த பதிலைத் தேடப் போய்விடும். கேட்கலாம்: "எப்படித் தெரியும்?" "வரைந்து காட்டு." "கிட்டே என்றால் எங்கிருந்து எங்கே, விரலால் காட்டு." அநேகமாக எல்லாருமே இரண்டாவது நிமிடத்தில் கற்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். "ஆனால் பூமி சாய்ந்திருக்கிறது இல்லையா?" என்று ஒரு கேள்வி போதும், பேட்டி அங்கேயே செத்துவிடும். பதிவிலிருந்து ஐந்து நிமிடத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்க்கும்போதுதான் தாம் எத்தனை முறை குறுக்கே விழுந்தோம் என்பது தெரியும். எழுதுவது எரிச்சலூட்டும் வேலை, ஆனால் அதை விட்டுவிட்டால் மிச்சத்தில் பயனில்லை.

பிறகு இருபது நிமிடப் பாடம் ஒன்று நடத்தட்டும். பார்வையிடப் போகிறவர்கள் குழுவாக உட்காரவைத்தாரா, சார்ட் ஒட்டினாரா என்று பட்டியலில் குறி போடுவதை நிறுத்த வேண்டும். நான்கு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து ஒரே விடையைக் கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதுவது குழுக்கற்றல் ஆகாது. முடிந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்தப் பிள்ளை சொன்ன எந்த வாக்கியத்தால் அடுத்து நீங்கள் செய்ய இருந்தது மாறியது? பதில் இருந்தால் பாடம் நடந்திருக்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பி.எஸ்.ஏ.சி. தேர்வு நெருங்கும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பார்கள். வருத்தம் நியாயமானது. தாளுக்குப் பத்து நிமிடம், நிழலுக்குச் சில மதிய இடைவேளைகள், வகுப்பில் மூன்று பாடவேளை, கணக்கு அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும், பழைய கேள்வியை அல்ல. பழைய கேள்விக்கு விடை மனப்பாடமாகியிருக்கும். "பூமியின் அச்சு சாயாமல் நேராகவே இருந்தால், வக்குவாவில் 1 மீட்டர் குச்சிக்கு உச்சி நிழல் ஜூனில் எவ்வளவு, டிசம்பரில் எவ்வளவு?" ஆண்டு முழுதும் 37 சென்டிமீட்டர், தெற்கே. பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: அப்போது ஜனவரிக்கும் ஜூலைக்கும் வேறுபாடே இருக்காதா? கொஞ்சம் இருக்கும். ஜனவரியில் அருகில் இருப்பதால் சூரிய ஒளி ஜூலையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு அதிகம். சாய்வை எடுத்துவிட்டால் அது ஒன்றுதான் மிஞ்சும், சென்னைக்கும் வக்குவாவுக்கும் ஒரே மாதத்தில், ஒரே அளவில். முதல் நாள் தாள்களில் "கிட்டே வருகிறோம்" குவியலைத் திரும்ப எடுத்து வகுப்பில் காட்டி, பிள்ளைகளையே இந்தப் பதிலைச் சொல்லவைக்கலாம்.